நோரா பெல்லுக்கு முந்தி வந்த அஞ்சலி

முந்தின நாள் பிற்பகல் நான் என் கையால் ஆரஞ்சு உரித்துக் கொடுத்த பெண்மணிக்கு, மறுநாள் காலை பாரிசின் லா ஷப்பலில் கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருந்தார்கள்.

பனி பெய்துகொண்டிருந்தது. பெய்தது என்பதைவிட, இறங்க மனமில்லாமல் காற்றில் நின்றது என்று சொல்லலாம். சூசையின் மளிகைக் கடைக் கண்ணாடியில் உள்ளிருந்து ஆவி படிந்திருந்தது. அந்த ஆவிக்கு நடுவில், வெண்டைக்காய்ப் பெட்டிக்கு மேலே, கறுப்புக் கரை போட்ட ஒரு தாள். தாளின் நடுவில் நோரா பெல் சிரித்துக்கொண்டிருந்தார்.

கையுறையால் கண்ணாடியைத் துடைத்தேன். ஆவி உட்பக்கம் இருந்ததால் ஒன்றும் விலகவில்லை. மூக்கை ஒட்டி வைத்துப் படித்தேன்.

"ஒகையோவைப் பிறப்பிடமாகவும் லா ஷப்பலை வதிவிடமாகவும் கொண்ட திருமதி நோரா பெல் அவர்கள் இறைவனடி சேர்ந்தார். அன்னார், காலஞ்சென்ற பெல் தம்பதிகளின் பாசமிகு புதல்வியும்" என்று தொடங்கி, சூசைதாசன் முதலானோரின் அன்பு மாமியும், இன்னாரின் ஆசை அம்மம்மாவும் என்று உறவுகள் வரிசையாக வந்தன. நோரா பெல்லுக்குப் பிள்ளை இல்லை, கூடப் பிறந்தவர் இல்லை. தொண்ணூறு வயதைத் தாண்டிய ஒரு அமெரிக்கக் கிழவிக்கு அந்தத் தாளில் பதினொரு உறவினர்கள் இருந்தார்கள். இரண்டு தரம் எண்ணினேன். பதினொன்றிலும் என் பெயர் இல்லை.

என் பெயர் அடியில் இருந்தது. "தகவல்: ஞானப்பிரகாசம் (பாண்டிச்சேரி)."

### எண்ணுகிறவர்கள் இருவர்

சென்ற வாரம் இந்தப் பத்திரிகையில் கார் து நோர் ரயில் நிலையத்தின் தூண்களைப் பற்றி எழுதியிருந்தேன். பொபினியிலிருந்து ஒரு வாசகர், நான் இரண்டு தூண்களை விட்டுவிட்டதாகக் கடிதம் போட்டிருக்கிறார். அவர் சுவரோடு ஒட்டிய அரைத் தூண்களையும் சேர்த்துக்கொண்டிருக்கிறார். அரைத் தூண் தூணாகுமா என்று வாதாட நான் தயார். ஆசிரியர்தான் இடமில்லை என்கிறார்.

நான் அஞ்சலகத்தில் கடிதங்களைப் பிரித்து அடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வேலை போன பிறகும் எண்ணுகிற பழக்கம் போகவில்லை. எதிர்க் கட்டடத்தின் ஜன்னல்கள், மாடத்துப் புறாக்கள், பூசையில் இருமுகிறவர்கள் என்று எதையாவது எண்ணிக்கொண்டிருப்பேன். என் மனைவி லூர்து சொல்வாள்: "உங்க சவப்பொட்டில எத்தினி ஆணி அடிச்சாங்கன்னு எண்ணிப் பாத்துட்டுத்தான் நீங்க உள்ள படுப்பீங்க."

நோரா பெல்லும் எண்ணுகிறவர். எங்களை நண்பர்களாக்கியது அதுதான்.

அவர் இளம்பெண்ணாக இருந்த காலத்தில் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் வேலை பார்த்தவர். தலைப்புச் செய்தி ஒரு பத்தியின் அகலத்துக்குள் அடங்க வேண்டும் என்பதால் எழுத்துகளை விரலால் எண்ணிப் பார்ப்பார்களாம். அகலமான எழுத்துக்கு ஒன்றரை, மெலிந்த எழுத்துக்கு அரை. எழுபது ஆண்டுக்குப் பிறகும் அவர் பேசும்போது வலது கை விரல்கள் மடியில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். படிக்கட்டில் முதன்முதலாக நான் என் பெயரைச் சொன்னபோதும் விரல்கள் ஓடின.

"உங்கள் முழுப் பெயர் ஒரு பத்தியில் அடங்காது, மிசியே," என்றார். "பிரகாசம் போதும்."

அறுபது ஆண்டுகளுக்கு மேல் பாரிசில் இருந்தும் அவருடைய பிரெஞ்சு, வாயில் ஏதோ மிட்டாயை ஒதுக்கி வைத்துக்கொண்டு பேசுவது போல இருக்கும்.

### தரை நடுங்கும் வீடு

எங்கள் கட்டடம் பெருவீதியைப் பார்த்தபடி இருந்தது. அந்த இடத்தில் மெட்ரோ நிலத்துக்கு அடியில் போவதில்லை. இரும்புத் தூண்களின் மேல், மரங்களின் தலையோடு தலையாக ஓடுகிறது. நாங்கள் ஐந்தாம் மாடி. நோரா பெல் இரண்டாம் மாடி, வண்டியின் ஜன்னல்களுக்கு நேர் எதிரே.

லா ஷப்பல் நிலையத்துக்குள் நுழையுமுன் வண்டி வேகம் குறையும். அப்போது அவருடைய அறையின் கூரையில் வெளிச்சச் சதுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து போகும். குளிர்காலப் பிற்பகல்களில் அவருக்கு எதிரே உட்கார்ந்து அந்தச் சதுரங்களை எண்ணத் தொடங்குவேன். பாதியில் கணக்கு கரைந்துவிடும். கணக்குத் தவறியும் எனக்குக் கவலை வராத இடம் உலகத்தில் அது ஒன்றுதான்.

வண்டி போகும்போது தரை நடுங்கும். காப்பிக் கோப்பை தட்டோடு மெல்லப் பேசும். ஜன்னலோரம் இருந்த செடியின் இலைகள் காற்றில்லாமல் அசையும்.

"எப்படிப் பொறுத்துக்கொள்கிறீர்கள்?" என்று ஒருநாள் கேட்டேன். எனக்கு மேல்மாடியில் யாராவது நாற்காலி நகர்த்தினாலே தலைவலி வரும்.

"இதற்காகத்தான் இந்த வீட்டைப் பிடித்தேன்," என்றார்.

அவருடைய பத்திரிகை ஒகையோ ஆற்றங்கரையில் ஒரு நகரத்தில் இருந்தது. மேலே எழுதுகிறவர்கள், அடித்தளத்தில் அச்சு இயந்திரம். எழுதி முடித்ததெல்லாம் கீழே இறங்கிய பிறகு கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இருக்காதாம். பிறகு எங்கோ ஆழத்தில் ஒரு பெருமூச்சு கேட்கும். காலடியில் தரை நடுங்கத் தொடங்கும். மேசை விளக்குகள் கிலுகிலுக்கும். மசி வாசனை படியேறி வரும். அன்றைக்கான வேலை முடிந்தது என்று தரையே வந்து சொல்வது போல இருக்குமாம். அந்த நடுக்கத்தில் அவர் மேசையில் தலை வைத்துத் தூங்கிவிடுவார்.

"அதன் பிறகு அசையாத தரையில் எனக்குத் தூக்கம் வந்ததே இல்லை," என்றார். "எல்லாம் நின்றுவிட்டது போல இருக்கும். அச்சு நின்றால் ஏதோ பெரிய கெடுதி என்று அர்த்தம்."

ஒரே ஒரு தடவைதான் நின்றதாம். ஆறு ஊருக்குள் வந்த ஒரு வசந்த காலம். அடித்தளத்தில் தண்ணீர் நிறைந்தது. வீதிகளில் படகு போயிற்று. மாடி ஜன்னல்களிலிருந்து மக்கள் எட்டிப் பார்த்து, ரொட்டி இருக்கிறதா என்று கேட்குமுன் யார் செத்துப்போனது என்று கேட்டார்களாம். நோரா பெல் படகில் உட்கார்ந்து ஜன்னல் ஜன்னலாகப் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார். அதுவரை செய்திகளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண், தண்ணீர் வடிந்தபோது செய்தியாளர் ஆகியிருந்தார்.

கதை நடுவில் கண்ணை மூடிவிடுவார். அடுத்த வண்டி வரும், தரை நடுங்கும், கண்ணைத் திறந்து வேறொரு ஆண்டிலிருந்து தொடர்வார். நான் எந்த ஆண்டு என்று கேட்பதில்லை. ஆற்றில் போய்க்கொண்டிருந்த படகு பாரிசின் ஒரு விடுதி வாசலில் வந்து நிற்கும். அதிலிருந்து தொப்பி போட்ட சீமாட்டிகள் இறங்குவார்கள். முதல் உலகப் போர் முடிந்த கையோடு இங்கே வந்து, பாரிசில் தங்கும் அமெரிக்கர்களுக்காக அச்சான ஒரு நாளிதழில் அவர் சேர்ந்திருந்தார். யார் வந்தார், யார் போனார், யார் யாரோடு விருந்துண்டார் என்று எழுதுவது வேலை. நடுவில் மார்த்தேன் என்ற பிரெஞ்சுக்காரரைக் கல்யாணம் செய்தார். அவர் சீக்கிரமே காலமாகிவிட்டார். அவரைப் பற்றி நோரா பெல் அதிகம் பேசியதில்லை. "நல்ல மனிதர். தூக்கத்தில் குறட்டை விடமாட்டார்," என்று ஒருமுறை சொன்னார்.

### உயிரோடிருப்பவர்களின் அலமாரி

செய்தியாளர் ஆனதும் அவருக்கு முதலில் கொடுத்த வேலை இறந்தவர்களைப் பற்றி எழுதுவதல்ல, இறக்கப் போகிறவர்களைப் பற்றி எழுதுவது.

பெரிய பத்திரிகைகளில் அப்படி ஒரு வழக்கம் உண்டாம். ஊர்ப் பிரமுகர் ஒருவர் திடீரென்று இறந்தால் அவசரத்தில் பிழை வரும். ஆகவே அவர் நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும்போதே மரணச் செய்தியை எழுதி அலமாரியில் வைத்துவிடுவார்கள். புதுவருடம் பிறந்ததும் எடுத்துத் தூசி தட்டி, பேரன் பிறந்திருந்தால் சேர்த்து, பதவி போயிருந்தால் அடித்து, மறுபடி உள்ளே வைப்பார்கள். தேதிக்கு மட்டும் இடம் விட்டிருக்கும்.

இதை வீட்டில் வந்து லூர்துவிடம் சொன்னேன். அவள் சிலுவை போட்டுக்கொண்டு, "அந்தம்மாவுக்கு இனிமே சுக்குக் காப்பி கொண்டுபோய்க் குடுக்க மாட்டேன்," என்றாள். மறுநாளே கொண்டு போனாள்.

அந்த ஊர் மேயர் ஒருநாள் பத்திரிகை அலுவலகத்துக்கு வந்தாராம். தன் மரணச் செய்தியைப் படித்துப் பார்க்க வேண்டும் என்றார். அது வழக்கமில்லை என்று நோரா பெல் மறுத்துவிட்டார். மேயர் தொப்பியைச் சுழற்றிக்கொண்டு நின்றார். "சரி, எத்தனை அங்குலம் என்றாவது சொல்." பத்திரிகைப் பத்தியை அங்குலத்தில்தான் அளப்பார்கள். "பதினொரு அங்குலம்," என்றார் இவர். "வங்கிக்காரனுக்கு?" என்று கேட்டார் மேயர். "ஒன்பது." மேயர் சீட்டியடித்துக்கொண்டே படியிறங்கிப் போனார்.

"அந்த மேயர் பிறகு சில ஆண்டுகள் இருந்தார்," என்றார் நோரா பெல். "பதவியை விட்டார், வரவேற்பாரில்லை. கடைசியில் ஐந்து அங்குலம்தான் வந்தது. நான்தான் வெட்டினேன்."

அப்போது ஒரு வண்டி போயிற்று. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

### யார் செத்தது?

நாங்கள் பழகத் தொடங்கிய எண்பதுகளில்தான் யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் தமிழர்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். ரூ லூயி-பிளாங் தெருப் பக்கம் நடந்தால் ஒவ்வொரு மாதமும் புதிய முகங்கள். எல்லாருக்கும் ஒரே கவலை, அகதி விண்ணப்பம். தன் கதையைப் பிரெஞ்சில் எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்குத் தமிழும் தெரியும், பிரெஞ்சும் தெரியும் என்பதால் என்னிடம் வந்தார்கள். எனக்குக் கதை எழுதத் தெரியாது என்பதால் நான் அவர்களை இரண்டாம் மாடிக்கு அழைத்துப் போனேன்.

அப்படி முதலில் போனவர்களில் ஒருவர் சூசைதாசன். மன்னார்க்காரர், நாற்பது வயது, அப்போது ஒரு உணவகத்தில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து பாட்டனாரின் தென்னந்தோட்டத்திலிருந்து ஆரம்பித்தார். தோட்டம், கிணறு, கிணற்றுப் பங்கில் பெரியப்பாவோடு வந்த பிணக்கு, அதில் கோவில் மூப்பர் சொன்ன சமாதானம். நான் மூச்சுவிடாமல் மொழிபெயர்த்தேன்.

நோரா பெல் உள்ளங்கையை உயர்த்தினார்.

"இவரிடம் கேளுங்கள். யார் செத்தது?"

நான் அதைத் தமிழில் சொல்லத் தயங்கினேன். சூசைக்கு என் முகத்திலிருந்தே புரிந்திருக்க வேண்டும். வண்டி ஒன்று வந்து போனது. கூரையில் சதுரங்கள் ஓடின.

"என்ர தம்பி," என்றார்.

"அது முதல் வரி," என்றார் நோரா பெல், பென்சிலை எடுத்து. "தோட்டம் கடைசி வரி. இடம் இருந்தால்."

அதன் பிறகுதான் சூசை தம்பியைப் பற்றிப் பேசினார். அவர் பாரிசுக்கு வந்ததிலிருந்து யாரிடமும் அதைச் சொன்னதில்லை என்று பிற்பாடு தெரிந்தது. அந்த விண்ணப்பம் ஏற்கப்பட்டது. பிறகு சூசை கடை வைத்தார், மனைவியை வரவழைத்தார், மகள் பிறந்தாள். ஞானஸ்நான விருந்தில் நோரா பெல் காகிதத் தட்டில் ரோல்ஸ் பலகாரம் வைத்துக்கொண்டு சிரித்தபடி நின்ற படம்தான், தட்டு வரை வெட்டப்பட்டு, கடைக் கண்ணாடியில் இப்போது கறுப்புக் கரையோடு இருந்தது.

### வெள்ளைச் சட்டை

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். சூசை வெள்ளைச் சட்டை போட்டுக் கையில் கறுப்புப் பட்டி கட்டியிருந்தார். என்னைக் கண்டதும் வந்து கட்டிக்கொண்டார்.

"போயிட்டா அண்ணை. எங்கட அன்ரி போயிட்டா."

"சூசை, அவங்க போகலை."

"எனக்கும் அப்பிடித்தான் கிடக்கு. நம்பேலாமல் கிடக்கு."

"நம்ப வேணாம்யா. நேத்து நான் ஆரஞ்சு உரிச்சுக் குடுத்தேன். கொட்டையைத் துப்பிட்டு இன்னொண்ணு கேட்டாங்க."

சூசை கையை எடுத்தார். எடைபோடும் இயந்திரத்தின் மேல் உட்காரப் போய், எழுந்து நின்றார்.

நடந்தது இதுதான். நோரா பெல் முந்தின ஞாயிறு வீட்டில் தடுக்கி விழுந்திருக்கிறார். அன்று நானும் லூர்துவும் கோவிலில். பொம்பியே எனப்படும் தீயணைப்புப் படையினர் வந்து தூக்கிப் போயிருக்கிறார்கள். வாசலில் பனி கொட்டியதால் போர்வையை முகம் வரைக்கும் இழுத்து மூடியிருக்கிறார்கள்.

"பொம்பியேக்காரங்கள் முகத்தை மூடிக்கொண்டு போனதை என்ர கண்ணால கண்டனான்," என்றார் சூசை. "பேந்து ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்துக் கேட்டம். நோரா பெல் எண்டு இஞ்சை ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லிச்சினம். இல்லை எண்டால் என்ன நினைக்கிறது?"

மருத்துவமனையில் அவரைக் கணவர் பெயரில் பதிந்திருந்தார்கள். அவருக்கு வரும் அரசாங்க உறைகளிலெல்லாம் மதாம் மார்த்தேன் என்றுதான் இருக்கும். உறைகளைப் பார்த்தே வாழ்ந்த என் கண்ணுக்கு அது தப்பியதில்லை. நான் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவரைக் கண்டுபிடித்தேன். ஆனால் மருத்துவமனை ஒரு திசை, சூசையின் கடை ஒரு திசை. அந்த வாரம் பனியில் நான் கடைப் பக்கமே வரவில்லை.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"உங்கட வீட்டுக்கும் அடிச்சனாங்கள். ஒருத்தரும் எடுக்கேல்லை. துக்கத்தில இருப்பியள் எண்டு விட்டிட்டம்."

"என் பேரைத் தகவல்னு போட்டிருக்கீங்க."

"ஓம். நீங்கள்தானே எல்லாம் தெரிஞ்ச ஆள்."

பதினொரு பெயரைப் பற்றியும் கேட்க நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை. கண்ணாடியிலிருந்து தாளை உரித்து மடித்து மேல்கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். ரூ லூயி-பிளாங்கில் இன்னும் ஐந்து கடையில் ஒட்டியிருப்பதாகச் சொல்லிக்கொண்டு சூசை குடைகூட எடுக்காமல் ஓடினார்.

### அசையாத தரை

பிற்பகல் மருத்துவமனைக்குப் போனேன். தாளைக் காட்டக் கூடாது என்று லூர்து சொல்லி அனுப்பியிருந்தாள். நானும் காட்டுவதாக இல்லை.

நோரா பெல்லின் கண்களுக்குக் கீழே நிழல் விழுந்திருந்தது. எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் வந்ததிலிருந்து அவர் சரியாகத் தூங்கவில்லை.

"இங்கே தரை செத்துக் கிடக்கிறது, மிசியே பிரகாசம்," என்றார். "என்னை நகரத்துக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்துக்கு அனுப்பப் போகிறார்களாம். தோட்டம் உண்டாம். மிகவும் அமைதியான இடமாம். அமைதி என்று இங்குள்ள அலுவலர் பெண் மூன்று தரம் சொன்னாள்."

வீட்டுக்குத் திரும்ப முடியாதா என்று கேட்டேன். வீட்டில் பார்த்துக்கொள்ள உறவினர் யாராவது இருந்தால் முடியுமாம். கோப்பில் உறவினர் என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார்கள்.

"உங்கள் மேல்கோட்டுப் பையில் என்ன?" என்றார் திடீரென்று.

"ஒன்றுமில்லை."

"ஒன்றுமில்லாத பையை உள்ளே வந்ததிலிருந்து நான்கு தடவை தொட்டுப் பார்த்தீர்கள்."

எண்ணுகிறவனை இன்னொருவர் எண்ணினால் ஒன்றும் செய்ய முடியாது. எடுத்துக் கொடுத்தேன்.

படத்தைப் பார்த்தார். கறுப்புக் கரையைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பென்சில் கேட்டு வாங்கிக்கொண்டு, தலையணையில் சாய்ந்தார்.

"படியுங்கள். எதையும் விடாமல்."

நான் வரி வரியாகப் பிரெஞ்சில் சொன்னேன். ஒகையோ ஒரு மாநிலம், ஊர் பெயர் வேண்டும் என்றார். வயதைப் போடவில்லை என்றேன். அது மரியாதையாக இருக்கலாம், ஆனால் செய்தி இல்லை என்றார். இறைவனடி சேர்ந்தார் என்ற இடத்தில் பென்சிலைத் தூக்கி, "யார் பார்த்தது?" என்று கேட்டார். யாரும் பார்க்கவில்லை என்றேன். உறவுகளுக்கு வந்தபோது விரல்கள் போர்வையின் மேல் ஓடத் தொடங்கின. மருமகன் என்றால் எந்த வகை, அம்மம்மா என்றால் யார் வழி என்றெல்லாம் கேட்டார். ஒவ்வொரு பெயரையும் திரும்ப ஒருமுறை சொல்லச் சொன்னார்.

"பதினொன்று," என்றார்.

"ஆமாம்."

"உங்கள் பெயர்?"

"அது கீழே இருக்கிறது. தகவல் என்று. இவர் சொல்லித் தெரிந்தது என்று அர்த்தம்." என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். நான் பாண்டிச்சேரிக்காரன், அவர்கள் ஒரே கடற்கரைக்காரர்கள், அது இயல்புதான் என்று கேட்காததற்கெல்லாம் பதில் சொன்னேன்.

அவர் சிரித்தார். "ஒகையோவில் அத்தனை ஆண்டு எழுதினேன், மிசியே. ஒரு நாள்கூட என் பெயர் அச்சானதில்லை. ஊரில் பிறந்தவர், இறந்தவர், கல்யாணம் செய்தவர், எல்லார் பெயரும் மேலே இருக்கும். நான் எப்போதும் கீழே, வெளியே நின்றேன். அங்கே நிற்கிறவருக்கு ஒரே ஒரு வேலைதான். போய்த் தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும்." பென்சிலால் என் பெயரைத் தட்டினார். "இந்தத் தகவல்காரர் பார்த்துவிட்டு வந்து சொல்லியிருந்தால் இந்தப் பிழை வந்திருக்காது."

### உறவுமுறை

அந்த நேரம் பார்த்து, முதியோர் இல்ல ஏற்பாட்டைக் கவனிக்கும் அந்த அலுவலர் கோப்போடு உள்ளே வந்தார். நீலக் கம்பளிச் சட்டை, களைத்த நல்ல முகம். குடும்பம் யாரும் இல்லை என்பதால் வரும் வாரமே அங்கே இடம் கேட்டிருப்பதாகச் சொன்னார்.

"யார் இல்லை என்றது?" நோரா பெல் தாளை நீட்டினார். "பதினொரு பேர்."

"இது என்ன, மதாம்?"

"என் மரணச் செய்தி."

அலுவலர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஒரு பிழை இருக்கிறது," என்றார் நோரா பெல். "நான் சாகவில்லை. குடும்ப விவரம் சரி."

தாள் போதாது, நேரில் வர வேண்டும் என்றார் அலுவலர். மறுநாள் வந்தார்கள். பதினொரு பெயருக்குப் பதின்மூன்று பேர் வந்தார்கள். கையில் சோற்றுப் பாத்திரம், சுடுநீர்க் குடுவை, ஒரு சிறு குழந்தை. தாதிகள் தடுத்துப் பார்த்துவிட்டு வழிவிட்டார்கள். அலுவலர் ஒவ்வொருவராக உறவுமுறை கேட்டார். எல்லாரும் பிரெஞ்சில் தெரிந்த உறவுச் சொல்லைச் சொன்னார்கள். அலுவலர் நிமிர்ந்து அந்தக் கறுத்த முகங்களையும் கட்டிலில் இருந்த வெள்ளைத் தலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, யார் காலையில் வருவார், யார் மாலையில் சமைப்பார், சாவி யாரிடம் இருக்கும் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார். சாவி லூர்துவிடம்.

சூசை மட்டும் கதவுக்கு வெளியே நின்றார். அஞ்சலி ஒட்டிய கையோடு உள்ளே எப்படி வருவது என்றாராம். நான் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அப்போதும் கட்டிலின் கால்மாட்டோடு நின்றுவிட்டார். தலை குனிந்திருந்தது.

நோரா பெல் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார்.

"சூசை," என்றார். "யார் செத்தது?"

அந்தக் கேள்வியை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. சூசையின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"ஒருத்தரும் இல்லை அன்ரி," என்றார். "ஒருத்தரும் சாகேல்லை."

### புதுவருடத் திருத்தம்

வீட்டுக்கு வந்த அன்று அவரை ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைத்தோம். லூர்து போர்வையைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே முதல் வண்டி வந்தது. கோப்பை தட்டோடு பேசியது. நோரா பெல் தூங்கிப்போனார். வாயைத் திறந்துகொண்டு, வெட்கமில்லாமல், மறுநாள் காலை சூசையின் மனைவி பாலும் பாண் ரொட்டியும் கொண்டு வரும் வரை தூங்கினார்.

அந்தத் தாளை அவர் கிழிக்க விடவில்லை. ஒகையோ அலமாரியில் வைத்தது போல மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். புதுவருடம் பிறந்ததும் என்னைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார். அருகில் யாருக்காவது குழந்தை பிறந்திருக்கும், யாராவது பாரிசுக்கு வந்து சேர்ந்திருப்பார்கள், அவர்களைச் சேர்ப்போம். பதினொன்று பதினான்கு ஆயிற்று, பிறகு பதினேழு. ஊர் பெயர் வந்தது. வயது வந்தது. "இப்போது எத்தனை அங்குலம்?" என்று கேட்பார். நான் அளவுகோல் வைத்துச் சொல்வேன். மேயரைத் தாண்டிய ஆண்டு லூர்து வட்டிலப்பம் என்ற இனிப்பு செய்தாள். அதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது சூசையின் மனைவி. நோரா பெல் இரண்டு துண்டு தின்றார்.

சில குளிர்காலங்கள் அப்படிப் போயின. எத்தனை என்று இந்த ஒரு தடவை நான் சொல்லப் போவதில்லை.

பிறகு ஒரு வசந்த காலப் பிற்பகலில், மரங்களில் ஒரு வெளிறிய பச்சை வந்திருந்த நேரம், சூசை எங்கள் ஐந்தாம் மாடிக்கு ஏறி வந்தார். அன்று நோரா பெல்லுக்கு உணவு கொண்டுபோகும் முறை அவருடையது. மூச்சு வாங்கியது. கையில் அந்தத் தாள். வைத்தியருக்குச் சொல்லி அனுப்பியிருப்பதாகச் சொன்னார்.

"அண்ணை, இனி தேதி மட்டும்தான் போட வேணும்." கொஞ்சம் நிறுத்தினார். "உங்கட பேரை மேல எடுக்கட்டோ? சகோதரன் எண்டு போடுறன். அண்டைக்கே போட்டிருக்க வேணும். எனக்கு அது கனநாளாய் மனசுக்குள்ள கிடந்தது."

லூர்து என்னைப் பார்த்தாள்.

"வேணாம் சூசை. கீழேயே இருக்கட்டும்."

"என்னண்ணை, கோவமோ?"

"இல்லைப்பா. நீ இங்கயே இரு. நான் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன். அப்புறம் ஒட்டலாம்."

இரண்டாம் மாடிக்கு இறங்கிப் போனேன். அவர் நாற்காலியில் இருந்தார். விரல்கள் மடியில் இருந்தன. எதிரே என் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். வண்டி வந்தது. கூரையில் சதுரங்கள் ஊர்ந்து போயின. தரை நடுங்கியது, கோப்பை பேசியது, செடியின் இலைகள் அசைந்தன. எந்த ஆண்டிலிருந்து தொடரப் போகிறார் என்று காத்திருந்தேன்.

அடுத்த வண்டிக்கும் காத்திருந்தேன். அதற்கடுத்ததற்கும். எத்தனை வண்டி போயிற்று என்று எண்ணவில்லை.

பிறகு எழுந்து, மேலே ஏறிப் போய், சூசையிடம் தகவல் சொன்னேன்.